புல் விதை கடைசியில்: ஐந்தாறு மாடு வைத்திருப்பவருக்கு மேய்ச்சல் நிலத்தைச் சீராக்கும் வழி

புதிதாக மாடு வாங்கியவர் முதலில் கேட்பது, "என்ன புல் நடலாம்?" என்பதுதான். பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி பக்கம் இதை நான் பலமுறை கேட்டுவிட்டேன். கேட்ட கையோடு ஒரு லோரி நேப்பியர் புல் தண்டு வாங்கி இறக்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பாதி மஞ்சளடித்துப் போகிறது. மீதியை மாடு வேரோடு பிடுங்கிப் போடுகிறது. அப்புறம், "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

என் இரண்டரை ஏக்கரும் பழைய ரப்பர் நிலம். முதல் ஆண்டு நானும் தண்டு வாங்கி நட்டேன், இழந்தேன். மறு ஆண்டு வரிசையை மாற்றினேன்: ஓய்வு, வடிகால், சுண்ணாம்பு, வேலி, அதற்குப் பிறகே புல். கீழே இருப்பதும் அதே வரிசை. இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்ததில் போடும் பணம் தங்காது.

1. தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

நிலம் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் டி.ஓ.எல். (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்) நிலம் என்றால் இரும்புத் தூண், சிமெண்டுத் தொட்டி என்று இறங்க வேண்டாம். சுண்ணாம்பு போட்ட பலன் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பரவி வரும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் கழற்றி எடுத்துப் போகக்கூடிய வேலியிலும் எருவிலும் நின்றுகொள்வது நல்லது.

அடுத்து, நிலம் ஓய்வில் இருக்கும் இரண்டு மாதத்துக்கு மாடு எங்கே நிற்கும், எதைத் தின்னும்? இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கியவர்கள் எல்லாரும் மூன்றாவது வாரமே மாட்டை உள்ளே விட்டுவிட்டார்கள். கொட்டகை, அறுத்துப் போட ஒரு புல்வெளி, குறையை ஈடுகட்டச் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, ஓர் உப்புக்கட்டி. இவ்வளவும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

கருவி அதிகம் வேண்டாம். ஒரு மண்வெட்டி, ஒரு பாராங் (வெட்டுக்கத்தி), புல் நிறுக்க ஒரு தொங்கு தராசு, அளவு நாடா, அடிப்பக்கம் வெட்டியெடுத்த ஒரு மைலோ டின், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்.

பூட்ஸை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்து ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி வாழ்கிறது. காலில் உள்ள சிறு வெடிப்பு, புண் வழியாக அது உள்ளே போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை? வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். சேற்று வேலைக்குப் பிறகு விடாத காய்ச்சல் வந்தால், மண் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி காய்ந்து கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெரிய மழை. ஆகவே டிசம்பரில் பரிசோதனைக்கு மண் எடுத்து, பிப்ரவரி கடைசியில் சுண்ணாம்பு தூவி, ஏப்ரல் மழையில் நடுவது வசதி.

2. நிலத்தில் நடந்து பாருங்கள்

ஒரு காலை முழுவதும் இதற்கே ஒதுக்குங்கள். இருப்பது என்ன என்று தெரியாமல் வாங்கப் போகக் கூடாது.

செடுடுக் செடி புதராக நிற்கிற இடம் பெரும்பாலும் புளித்த மண். லாலான் என்ற களைப்புல் விரிந்து கிடந்தால், அடிக்கடி எரிந்த அல்லது உரம் தீர்ந்த இடம். தொட்டாற்சிணுங்கி மட்டும் பச்சையாக இருந்தால் மாடு மற்றதையெல்லாம் அடிவரை மேய்ந்துவிட்டது என்று பொருள். கோரை நின்றால் நீர் தேங்குகிறது.

பிறகு மைலோ டின். மண்ணில் மூன்று விரல் ஆழம் அழுத்தி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் குவளை மேல்மண்ணை நனைக்கத்தான், இரண்டாவதுதான் கணக்கு. வேலி ஓரத்தில் மாடு மிதிக்காத இடத்திலும், மாடு தினமும் நடக்கும் தடத்திலும் இதையே செய்யுங்கள். என் நிலத்தில் வேலி ஓரம் நான்கு நிமிடம் எடுத்தது. வாசல் பக்கம் அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றது. ஒரே மண்தான். குளம்பு இறுக்கிய இறுக்கம் அது. அந்த இறுக்கத்தின் மேல் உரம் போட்டால் அடுத்த மழை அதை வடிகாலுக்கு இழுத்துப் போகும்.

கடைசியாக மண்வெட்டியால் ஒரு சதுர அடி, ஒரு அடி ஆழம் வெட்டித் தூக்கிப் போட்டு உடையுங்கள். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, மண்புழு எத்தனை, மண் பருக்கையாக உதிர்கிறதா, கட்டியாக வருகிறதா? எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இதே இடத்தில் ஒப்பிட வேண்டும்.

3. மாட்டை வெளியே எடுங்கள்

ஆறு முதல் எட்டு வாரம். செலவில்லாத வேலை இது. ஆனால் பலரும் செய்யாத வேலையும் இதுதான்.

புல்லுக்கு உணவு இலையில்தான் தயாராகிறது. இலை முளைத்ததும் மாடு கடித்தால், புல் வேரில் சேர்த்து வைத்ததை எடுத்து அடுத்த இலையை விடுகிறது. அதையும் கடித்தால் வேர் சுருங்குகிறது. மேலே ஒரு அங்குலம் இருந்தால் கீழேயும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். ஓய்வு கொடுக்கும்போது முதலில் வருவது இலை, அதற்குப் பிறகுதான் வேர் நீளும். அதனால் மேலே பச்சை தெரிந்தாலும் அடியில் வேர் இன்னும் தேறியிருக்காது. பொறுக்க வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் திரும்ப நடந்து பாருங்கள். அகன்ற இலைக் கார்பெட் புல், கினிப்புல், எங்கிருந்தோ ஒரு பயறுக்கொடி என்று, நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைத்ததில் ஒரு பகுதி தானாக வந்திருக்கும். எந்த இடம் ஓய்வு கொடுத்தும் வெறுமையாக இருக்கிறதோ, அங்கே மட்டும்தான் நட வேண்டும். அந்த இடங்களில் ஒரு குச்சி ஊன்றி வையுங்கள்.

4. நீர் வடிய வழி

நீர் நிற்கும் மண்ணில் வேருக்குக் காற்று இல்லை. அங்கே மாடு மிதித்தால் குழி விழும், குழியில் மறுபடி நீர் நிற்கும். சுண்ணாம்புக்கு முன் வடிகாலைச் செய்வதும் அதற்காகத்தான்: தேங்கிய நீரில் போட்ட சுண்ணாம்பு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

பெரிய மழை பெய்யும்போது குடையோடு போய் நீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். காய்ந்த நாளில் கண்ணளவில் போட்ட வாய்க்கால் பாதிக்குப் பாதி தவறான பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு அடி ஆழ, சரிந்த கரையுள்ள வாய்க்கால் போதும். செங்குத்துக் கரையை மாடு ஒரே வாரத்தில் உடைத்துவிடும்.

கடலோரத் தாழ்நிலத்தில், பழைய சதுப்பு நிலத்தை அணைகட்டி எடுத்த இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஆழமாகத் தோண்டாதீர்கள். அந்த மண்ணின் அடியில் கந்தகம் கலந்த இரும்பு, நீருக்குள் இருக்கும்வரை சும்மா கிடக்கும். காற்று பட்டால் கந்தக அமிலமாகிவிடும். தோண்டிய மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டு தெரிந்தாலோ, வாய்க்காலில் துருநிறம் படிந்தாலோ உடனே நிறுத்துங்கள். அப்படிப்பட்ட இடத்தில் மேலாகக் கீறிய வாய்க்காலும் ஈரம் தாங்கும் புல்லும்தான் சரிவரும்.

5. மண் பரிசோதனை, அப்புறம் சுண்ணாம்பு

நிலம் முழுக்க வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில், மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுங்கள். சாணி விழுந்த இடம், கொட்டகை ஓரம், எரித்த இடம் வேண்டாம். ஒரு வாளியில் நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்து வையுங்கள். மேட்டு நிலமும் தாழ்நிலமும் இருந்தால் தனித்தனிப் பை. எங்கே கொடுப்பது என்று மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேளுங்கள்.

நம் பக்கத்து உள்நிலச் செம்மண்ணில் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்கும் 5-க்கும் நடுவில் வருவது சாதாரணம். அவ்வளவு புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைச் சுட்டுவிடுகிறது. வேர் கட்டையாகி நின்றுவிடும், போட்ட உரத்தை எட்டிப் பிடிக்க முடியாது. என் நேப்பியர் மஞ்சளடித்ததும் அதனால்தான். நான் யூரியா போதவில்லை என்று நினைத்து இன்னொரு மூட்டை போட்டேன்.

சந்தையில் ஜி.எம்.எல். என்று கேட்டால் கிடைப்பது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி. பரிசோதனை அறிக்கை என்ன சொல்கிறதோ அந்த அளவு போடுங்கள். ஒரு மதிப்புக்குச் சொன்னால், எக்டருக்கு 2 டன் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 800 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 16. பி.எச். 5.5 வரை உயர்ந்தால் நம் புல்லுக்குப் போதும். அதற்கு மேல் ஏற்றப் பார்த்தால் துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

ஒரே பக்கமாகக் கொட்டாதீர்கள். பாதியை நீளவாக்கில், பாதியைக் குறுக்குவாக்கில் தூவினால் சமமாக விழும். காற்றில்லாத காலை, மூக்கில் துணி. இது மெதுவாகத்தான் கரையும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வேலை தெரியும் என்பதால்தான் நடவுக்கு முன்பே போடுகிறோம்.

இங்கே மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே வாரத்தில் போடுவது. யூரியாவில் இருக்கும் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். ஒரு மாத இடைவெளி விடுங்கள். இரண்டாவது, சுண்ணாம்பையும் ராக் பாஸ்பேட்டையும் (பாறைப் பொடியாக வரும் மணிச்சத்து உரம்) கலந்து போடுவது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் தீவு ராக் பாஸ்பேட் தெரியும். அது கரைவதற்கு மண்ணின் புளிப்பு வேண்டும். முதலில் ராக் பாஸ்பேட்டைப் போட்டு, சில வாரம் கழித்துச் சுண்ணாம்புக்குப் போங்கள். மூன்றாவது, சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பைப் போடுவது. அது புல்லையும் மாட்டின் வாயையும் சுட்டுவிடும்.

6. எத்தனை கட்டம், எவ்வளவு பெரிது

மாட்டைக் கட்டம் கட்டமாக மாற்றி மேய்ப்பதுதான் சுற்று மேய்ச்சல். நிலத்தைக் கட்டங்களாகப் பிரிக்காமல் அது இல்லை. ஆனால் பலர் கண்ணுக்கு அழகாக நான்காகப் பிரித்துவிடுகிறார்கள். நான்கு கட்டத்தில் முப்பது நாள் ஓய்வு வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் மாடு பத்து நாள் நிற்க வேண்டியிருக்கும். நான்காம் நாளே முளைத்த துளிரை மாடு திரும்ப வந்து கடிக்கும். புல்லின் கண்ணோட்டத்தில் அது ஓய்வே அல்ல.

கணக்கை இப்படிப் போடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மேலே உள்ள புல்லை அறுத்து நிறுங்கள். ஐந்தாறு இடத்தில் செய்து சராசரி எடுங்கள். 250 கிராம் வந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோ. 300 கிலோ எடையுள்ள பசு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, 30 கிலோ பச்சைப்புல் தின்னும். இருப்பதில் மிதிபட்டதும் சாணி விழுந்ததும் போக ஐந்தில் மூன்று பங்குதான் வாய்க்குப் போகும். ஆக ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு 50 சதுர மீட்டர்.

ஐந்து பசு, மூன்று நாள் என்றால் ஒரு கட்டம் 750 சதுர மீட்டர். மூன்று நாள் மேய்ச்சல், முப்பது நாள் ஓய்வு, பதினொரு கட்டம். மொத்தம் 8,250 சதுர மீட்டர், ஏறத்தாழ 2 ஏக்கர். உங்களிடம் ஒரே ஏக்கர்தான் இருக்கிறது என்றால் நிலம் பாதித் தீவனம்தான் தரும். மறுபாதியை அறுத்துப் போட வேண்டும் அல்லது மாட்டைக் குறைக்க வேண்டும். இதை ஒத்துக்கொள்ளத்தான் புதியவர்கள் சிரமப்படுகிறார்கள். எந்தப் புல்லை நட்டாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

சுற்று வேலியை மட்டும் உறுதியாகப் போடுங்கள். தும்பறுத்துச் சாலைக்குப் போகும் மாடு, மோட்டார் சைக்கிளில் வருபவர் உயிருக்கே ஆபத்து. உள்ளே பிரிக்க, சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி போதும்: பெரிய மாட்டுக்கு மூக்கு உயரத்தில், தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் ஒரு கம்பி. கன்று இருந்தால் கீழே இன்னொன்று. புல் கம்பியைத் தொட்டால் அதிர்வு குறைந்துவிடும், கம்பிக்கு அடியில் வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மண் காய்ந்ததும் வேலி "சுள்"ளென்று அடிப்பதில்லை என்பார்கள். வேலிக் கருவியிலிருந்து மண்ணுக்குள் இறக்கிய தரைக்கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். இடி மின்னல் கூடும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சுற்று வேலிக்குத் தூணாக கிளிரிசிடியா கம்புகளை நட்டால் அவை தழைத்துவிடும். இலையைக் கழித்து மாட்டுக்குப் போடலாம், புரதம் அதிகம். புது மாடு முதலில் முகம் திருப்பும். ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும்.

7. தண்ணீரும் நிழலும்

மாடு எங்கே படுக்கிறதோ அங்கேதான் சாணி விழும். ஒரே மரத்தடி, ஒரே தொட்டி என்றால் நிலம் முழுவதிலும் இருந்து சத்தைச் சுரண்டி ஒரே இடத்தில் கொட்டியதாகிவிடும். தொட்டியையும் உப்புக்கட்டியையும் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்துங்கள். புல் மெலிந்த மூலையில் உப்புக்கட்டியை வைத்தால் மாடு அங்கே போய் நிற்கும், எருவும் அங்கே விழும்.

8. களை

லாலானை ஒருமுறை வெட்டுவதால் பயனில்லை. அதன் தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டிக்கொண்டே இருந்தால் கீழே சேமித்தது தீர்ந்து தளரும். மேலே பயறுக்கொடி ஏறி நிழல் விழுந்தால் இன்னும் சீக்கிரம். எரிப்பது லாலானுக்குத்தான் சாதகம், அது முதலில் துளிர்க்கும்.

உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி வெளியே எடுங்கள். அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். வெட்டிய கொப்பை நிலத்திலேயே விட்டுவிட்டால், பசித்த மாடு வாடிய இலையையும் தின்னும்.

9. இப்போது புல்

குச்சி ஊன்றிய வெற்றிடங்களுக்கு வருவோம். மேட்டு நிலத்துக்குச் சிக்னல் புல். மிதியைத் தாங்கும், புளிப்பையும் ஓரளவு தாங்கும். ஆனால் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர் கவனிக்க: சிக்னல் புல்லை மட்டும் தின்னும் ஆட்டுக்கும் செம்மறிக்கும் ஈரல் பாதித்து முகமும் காதும் வெந்துபோகும். மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஈரம் நிற்கும் இடத்துக்கு ஹ்யூமிடிகோலா புல். இரண்டையுமே வேர்த்தண்டாகப் பிரித்து, அரை மீட்டர் இடைவெளியில் நடலாம்.

நேப்பியரை மாடு மேயும் இடத்தில் நடாதீர்கள். அது அறுத்துப் போடும் புல். கொட்டகைக்கு அருகே தனிப் பாத்தி போட்டு, மூன்று கணு உள்ள தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். பிடித்த பிறகு ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை, தரையிலிருந்து அரைச்சாண் விட்டு அறுக்கலாம். ஆளுயரம் வளரவிட்டால் எடை கூடும், ஆனால் பாதி தண்டாகித் தொழுவத்தில் கிடக்கும். அறுத்துக்கொண்டே இருக்கும் பாத்தியில் பொட்டாசியம் வேகமாகத் தீரும். தொழுவத்து எருவில் முதல் பங்கு இதற்கே போகட்டும்.

பயறுக்கொடி கட்டாயம் வேண்டும். அதன் வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர், காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. தோட்டத்தில் இளம் ரப்பர், செம்பனைக் கன்றுகளுக்கு இடையே மண்ணை மூட விடும் கொடிகளில் சென்ட்ரோசீமாவையும் புவேரேரியாவையும் மாடு விரும்பித் தின்னும். கலப்பகோனியம் மயிர் நிறைந்தது, அவ்வளவாகத் தொடாது. மூக்குனா கொடியை "இலவசமாகக் கிடைத்தது" என்று கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. மாடு அதைத் தின்னாது, புல்லை மூடிக் கொன்றுவிடும். சென்ட்ரோசீமா, புவேரேரியா விதை கடினமானது. 75 பாகை சுடுநீரில் போட்டு அப்படியே ஆறவிட்டு, ஊறிய பிறகு விதையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு செடியை மெல்லத் தோண்டி முடிச்சை உடைத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

10. முதல் மேய்ச்சலும் சுற்றும்

"அண்ணே, புல் இடுப்புக்கு வந்துடுச்சு, மாட்டை விடலாமா?" என்று கேட்டு ஃபோன் வரும். உயரத்தைப் பார்க்காதீர்கள். மாடு நாக்கால் வளைத்து இழுப்பது போல ஒரு பிடி புல்லைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். அறுந்தால் விடலாம். வேரோடு வந்தால் இன்னும் இரண்டு வாரம். நடவு செய்த இடத்தில் இதற்கு மூன்று மாதம் கூட ஆகும். முதல் முறை அரை நாள் மட்டும், லேசாக நுனி கடித்ததும் வெளியே எடுங்கள்.

அதற்குப் பிறகு விதி எளிது. புல் முழங்கால் அளவு வந்ததும் உள்ளே. ஒரு சாண் ஆனதும் வெளியே. "இன்னும் புல் இருக்கிறதே" என்று இன்னொரு நாள் விடும் அந்த ஆசைதான் நிலத்தைக் கெடுக்கிறது. விட்டுவைத்த அந்த ஒரு சாணில்தான் அடுத்த முப்பது நாளுக்கான இலை இருக்கிறது. மண்ணுக்கு நிழலும் அதுதான்.

மூன்று நாள் என்பதற்கு இன்னொரு காரணம் குடற்புழு. சாணியோடு விழுந்த முட்டை நம் ஈரத்திலும் வெப்பத்திலும் ஒரு வாரத்துக்குள் பொரித்து, புல்லின் ஈரத்தில் மேலே ஏறுகிறது. அதற்குள் மாடு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். ஓய்வு நாளில் தீனி இல்லாமல் அந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி செத்துப்போகும். காலையில் பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடும் பெரியவர்களின் வழக்கமும் இதே காரணத்துக்குப் பொருந்துகிறது. பத்தரை மணிக்கு நிழல், நான்கு மணிக்கு மறுபடி மேய்ச்சல். உண்ணி மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அதன் குஞ்சு மாதக்கணக்கில் புல்லில் காத்திருக்கும். அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

11. சாணி

ஒரு பசு நாளைக்குச் சுமார் 15 கிலோ சாணி போடும். ஐந்து பசுவின் சாணியை மழையில் திறந்து போட்டால் சத்து கரைந்து ஓடும், ஈ மொய்க்கும், அக்கம்பக்கத்தார் மனு எழுதுவார்கள்.

இடுப்புயரக் குவியலாக, மரத்தூள் அல்லது காய்ந்த புல்லோடு கலந்து, மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். கைவைக்க முடியாத சூடு உள்ளே ஏற வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மாதத்தில் வாடையில்லாத எரு. கோமியத்தை விட்டுவிடாதீர்கள். மாடு வெளியேற்றும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி அதில்தான் போகிறது. தொழுவத் தரையில் மரத்தூள் போட்டு உறிஞ்சவிடுங்கள்.

எருவை மாடு வெளியேறிய அன்றே அந்தக் கட்டத்தில் தூவுங்கள். உள்ளே வருவதற்கு முன் தூவினால் அந்தப் புல்லை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கோழிச்சாணியை நன்றாக மக்க வைக்காமல் போடவே கூடாது. அதில் செத்த கோழியின் துண்டு கிடந்தால், மாட்டுக்குக் கைகால் முடங்கும் பாட்டுலிசம் வரலாம்.

புழு மருந்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணியில் பல நாள் அந்த மருந்து இருக்கும். சாணியை உருட்டி மண்ணுக்குள் கொண்டுபோகும் வண்டின் குஞ்சு அதில் பிழைக்காது. சாணி பரிசோதனைக்குக் கொடுத்து, கால்நடைச் சேவைத் துறை மருத்துவரிடம் கேட்டு, தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் போடுங்கள். நாட்காட்டி பார்த்து எல்லா மாட்டுக்கும் போட வேண்டாம்.

12. மழை மாதமும் காய்ந்த மாதமும்

அக்டோபரில் மண் குழைந்துவிட்டால் எல்லாக் கட்டத்தையும் சுற்றாதீர்கள். மேடான ஒரு கட்டத்தை அதற்கென்று ஒதுக்கி, மாட்டை அங்கே நிறுத்தித் தீவனம் போடுங்கள். அந்தக் கட்டம் கெட்டுப்போகும், அதைப் பிறகு சரிசெய்யலாம். பத்துக் கட்டம் தப்பிக்கும். எவ்வளவு ஈரம் அதிகம் என்று தெரிய, பூட்ஸ் குதிகால் புதைகிறதா என்று பாருங்கள். புதைந்தால் குளம்பும் புதையும்.

ஜனவரி, பிப்ரவரியில் புல் மெதுவாகத்தான் வரும். ஓய்வை 45 நாளாக நீட்ட வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப நவம்பர் நேப்பியரைச் சிறிதாக நறுக்கி, அரை நாள் வாடவிட்டு, மூடியுள்ள நீலப் பிளாஸ்டிக் தோங்கில் (பீப்பாயில்) காற்றுப் போகாமல் மிதித்து அடைத்து வையுங்கள். மூன்று வாரத்தில் இனிப்புப் புளிப்பாக மணக்கும். கெட்ட வாடையோ பூஞ்சையோ இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு வரும் உறவினர்கள் மாட்டுக்கு அள்ளி அள்ளிப் பொங்கலும் பழமும் ஊட்டுவார்கள். ஒரு கைப்பிடி போதும். திடீரென்று நிறையச் சோறு போனால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

ஒரு சுவர் நாட்காட்டியைத் தொழுவத்தில் மாட்டி, எந்தக் கட்டத்துக்குள் எந்தத் தேதி போனது, எந்தத் தேதி வெளியே வந்தது என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த முறை அதே கட்டத்துக்குத் திரும்பிய நாள் முப்பதிலிருந்து இருபத்தெட்டு, இருபத்தைந்து என்று குறைந்துகொண்டே வந்தால், கண்ணுக்குப் புல் பச்சையாகத் தெரிந்தாலும் மாடு கூடிவிட்டது. அந்த வாரமே தீவனம் வாங்குங்கள், அல்லது ஒரு மாட்டை விற்கப் பேச்சைத் தொடங்குங்கள்.